ஐந்து பின்னா, ஒற்றைப் பின்னா? காம்பவுண்ட் வில்லுக்கு சைட் வாங்கும் முன்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் உள்ள சாட்ஸ்வொர்த்தில் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து பந்திக்குக் காத்திருந்தோம். கோயிலில் பழக்கமான தம்பி ஒருவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். ஐந்தாம் தலைமுறைப் பையன். வீட்டில் பேசுவது பெரும்பாலும் ஆங்கிலம்தான், ஆனால் அண்ணா, அக்கா, மாமா என்று கூப்பிடுவது மட்டும் மாறவே இல்லை. 60 பவுண்ட் இழுவிசையுள்ள காம்பவுண்ட் வில் (இரு முனையிலும் சக்கரம் வைத்த நவீன வில்) ஒன்றைப் பழையதாக வாங்கியிருக்கிறான். வில் நன்றாக இருக்கிறது, குறி பார்க்க அதில் மாட்டும் சைட் மட்டும் உடைந்துபோயிருக்கிறது. "அண்ணா, அஞ்சு பின் சைட் வாங்கட்டுமா, ஒரே பின் வச்ச ஸ்லைடர் வாங்கட்டுமா?" என்று கேட்டான். பின் என்பது சைட்டில் இலக்கின் மேல் வைத்துப் பார்க்கும் புள்ளி, ஸ்லைடர் என்றால் அதைத் தூரத்துக்கு ஏற்ப நகர்த்தலாம். கூடவே இன்னொரு சந்தேகம். லேசான அம்பு வாங்கினால் வேகம் கூடும், அம்பு தாழாது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அது உண்மையா?

இலை போடுவதற்குள் சொல்லி முடிக்கிற பதில் இல்லை இது. 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் காம்பவுண்ட் கலப்பு அணிப் போட்டி முதல் முறையாக வரப்போகிறது என்று தெரிந்ததிலிருந்து இன்னும் சிலரும் இதே கேள்வியோடு வருகிறார்கள். அதனால் விரிவாகவே எழுதிவிடுகிறேன்.

முதலில் என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். எய்யும் இடத்தில் இலக்கின் தூரம் உங்களுக்கு முன்கூட்டியே தெரியும் என்றால் ஒற்றைப் பின் ஸ்லைடர். தூரத்தைக் கண்ணால் மதிப்பிட்டு உடனே எய்ய வேண்டும் என்றால் ஐந்து பின். லேசான அம்புக்குக் கொடுக்கும் பணத்தைத் தூரம் அளக்கும் ரேஞ்ச்ஃபைண்டருக்குக் கொடுங்கள். ஏன் என்பதற்குக் கொஞ்சம் கணக்கு வேண்டும்.

அம்பு எவ்வளவு விழுகிறது?

நாணை விட்டுப் பிரிந்த கணத்திலிருந்தே அம்பு விழ ஆரம்பித்துவிடுகிறது. முதலில் கொஞ்சம் மேலே ஏறி, அப்புறம் இறங்கும் என்று பலர் நினைக்கிறார்கள். கண்ணுக்கு அப்படித் தெரிவதற்குக் காரணம் உண்டு. பீப் (நாணில் பொருத்திய சின்ன வளையம்) வழியாகப் பார்க்கும் நம் கண் அம்புக்கு ஏறக்குறைய 10 செ.மீ. மேலே இருக்கிறது. பின்னை இலக்கில் வைக்கும்போது வில் நமக்குத் தெரியாமலே சற்று மேல்நோக்கிச் சாய்ந்திருக்கிறது. அம்பு பார்வைக் கோட்டுக்குக் கீழே புறப்பட்டு, அதைத் தாண்டி மேலே போய், மறுபடி இறங்கி வந்து இலக்கில் சேருகிறது. வில் சாய்ந்து நிற்கிற நேர்கோட்டோடு ஒப்பிட்டால் அது வழி முழுக்க விழுந்துகொண்டேதான் இருக்கிறது.

நொடிக்கு 80 மீட்டர் வேகத்தில் போகும் அம்பை எடுத்துக்கொள்வோம். விற்பனைப் பெட்டியில் போடுகிற கணக்கில் அது நொடிக்கு 262 அடி, சாதாரண வேகம்தான். காற்றின் தடையை விட்டுவிட்டால் 20 மீட்டருக்குக் கால் நொடி, 40 மீட்டருக்கு அரை நொடி, 60 மீட்டருக்கு முக்கால் நொடி. அந்த நேரத்தில் அது விழும் அளவு முறையே 31 செ.மீ., 1.22 மீட்டர், 2.75 மீட்டர். தூரம் இரண்டு மடங்கானால் வீழ்ச்சி நான்கு மடங்கு. இந்த ஒரு வரியை மனதில் வைத்துக்கொண்டால் மீதி எல்லாம் தானாகப் புரியும்.

கனமான அம்பு அதிகம் விழும் என்பது உண்மைதான், ஆனால் கனத்தால் இல்லை. கிரெய்ன் என்பது அம்பின் எடையைச் சொல்லும் அளவு. ஒரே உயரத்திலிருந்து விட்டால் 350 கிரெய்ன் அம்பும் 450 கிரெய்ன் அம்பும் ஒன்றாகத்தான் தரையைத் தொடும். அதே வில்லிலிருந்து போகும்போது கனமான அம்பு மெதுவாகப் போகிறது, அதனால் காற்றில் அதிக நேரம் இருக்கிறது, அதனால் அதிகம் விழுகிறது. எல்லாம் நேரத்தின் வேலை.

ஐந்து பின்

வட்டச் சட்டத்துக்குள் ஒன்றின் கீழ் ஒன்றாக ஐந்து மெல்லிய பின்கள் நிற்கும். ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு நிறப் புள்ளி. மேலே இருப்பது பக்கத்துத் தூரத்துக்கு, கீழே இருப்பது எட்டத்துக்கு. 20, 30, 40, 50, 60 மீட்டர் என்று ஒருமுறை அமைத்துவிட்டால் பிறகு எதையும் திருக வேண்டாம். தூரத்தை மதிப்பிடு, அதற்குரிய பின்னை வை, எய். 35 மீட்டர் என்றால் இரண்டு பின்களுக்கு நடுவே வை.

நாம் பேசுகிற வேகத்தில் பின்களுக்கு இடையே 5 முதல் 6 மி.மீ. இடைவெளி வரும். 10 மீட்டருக்கும் 20 மீட்டருக்கும் இடையே இரண்டே மி.மீ.தான் வித்தியாசம், அதனால் இரண்டுக்கும் மேல் பின் ஒன்றே போதும். இதில் புதியவர்களைத் திகைக்க வைக்கும் ஒன்று உண்டு. மூன்று மீட்டர் தூரத்தில் எய்யும்போது 20 மீட்டர் பின்னை வைத்தால் அம்பு கீழே போய்க் குத்தும். அந்தக் கிட்டத்தில் அம்பு இன்னும் பார்வைக் கோட்டுக்குக் கீழேயே இருக்கிறது. அங்கே 40 மீட்டர் பின்தான் சரியாக வரும். நம்பாதவர்கள் மண்மேட்டின் முன் நின்று ஒருமுறை செய்து பார்க்கலாம்.

ஐந்து பின்னில் எனக்கு மிகவும் பிடித்தது வேறொரு வசதி, அதைப் பற்றி அதிகம் யாரும் பேசுவதில்லை. 50 மீட்டர் இலக்குக்கு எய்யும்போது பாதி வழியில் அம்பு பார்வைக் கோட்டுக்கு 45 செ.மீ. அளவுக்கு மேலே போகிறது. நாம் பார்க்கும் கோட்டில் தடை எதுவும் இருக்காது, ஆனால் மேலே தொங்கும் கிளையில் அம்பு தட்டிவிடும். 50 மீட்டர் பின்னை இலக்கில் வைத்தபடியே 30 மீட்டர் பின் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். 30 மீட்டர் தொலைவில் அம்பு அந்த இடத்தின் வழியாகத்தான் போகும். அங்கே கிளை இருந்தால் இரண்டடி தள்ளி நின்று எய்யலாம். காட்டுப் பாதையில் இது பெரிய உதவி. ஒற்றைப் பின்னில் இது கிடைக்காது.

குறையும் உண்டு. பதற்றத்தில் தவறான பின் கண்ணில் மாட்டும். 40 மீட்டர் இலக்குக்கு 30 மீட்டர் பின்னை வைத்தால் அம்பு கிட்டத்தட்ட ஓர் அடி கீழே போகும். நானே எத்தனையோ முறை செய்திருக்கிறேன். கீழே இருக்கும் பின்கள் இலக்கின் அடிப்பகுதியை மறைப்பதும் ஒரு தொந்தரவு. காம்பவுண்ட் வில்லை முழுக்க இழுத்தபின் பளு குறைந்துவிடுவதால் நின்று யோசிக்க நேரம் கிடைக்கிறது. 80 சதவீதம் விட்டுக்கொடுக்கும் வில்லானால் 60 பவுண்ட் கையில் 12 பவுண்டாக நிற்கும். அந்த நேரத்தில் மனதுக்குள் பின்னை மேலிருந்து எண்ணிப் பார்ப்பது நல்ல பழக்கம்.

ஒற்றைப் பின் ஸ்லைடர்

இதில் ஒரே பின். பக்கத்தில் ஒரு சக்கரம் இருக்கும், அதைத் திருகினால் சைட் முழுதும் மேலும் கீழும் நகரும். சக்கரத்தில் ஒட்டிய தாளில் மீட்டர் குறியீடுகள் இருக்கும். 43 மீட்டர் என்றால் 43-இல் வைத்துவிட்டு நேராக நடுவில் குறி வைக்கலாம். நடுவில் வை, மேலே வை என்ற குழப்பமே இல்லை. வட்டத்துக்குள் ஒரு புள்ளி, அதற்குப் பின்னால் இலக்கு. பார்வை அவ்வளவு தெளிவு. உலகப் போட்டிகளில் காம்பவுண்ட் வீரர்கள் 50 மீட்டரில் 72 அம்பு எய்கிறார்கள், இலக்குத் தாளின் 10 வளையம் வெறும் 8 செ.மீ. குறுக்களவு. அந்த வேலைக்கு ஒற்றைப் புள்ளியை மிஞ்ச எதுவும் இல்லை.

ஆனால் சக்கரத்தைத் திருக மறந்தால் கதை முடிந்தது. போன வருடம் 50 மீட்டரில் பயிற்சி செய்துவிட்டு, புதிதாக வந்த ஒருவருக்குக் காட்டுவதற்காக 20 மீட்டருக்கு நடந்து வந்தேன். சைட் 50-இலேயே நின்றது. அம்பு குறிக்கு மேலே 40 செ.மீ. போய், வைக்கோல் பலகையின் விளிம்பைத் தாண்டிப் பின்னால் இருந்த கிக்குயு புல்லில் நுழைந்தது. டர்பன் பக்கம் இந்தப் புல்லைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும். மேலே பச்சைக் கம்பளம், அதற்கு அடியில் காய்ந்த தண்டுகள் பின்னிக் கிடக்கும். அம்பு படுத்தவாக்கில் அந்த இரண்டுக்கும் நடுவே பாம்பு மாதிரி ஓடிவிடும். மேலே இருந்து பார்த்தால் ஒரு கீறல்கூடத் தெரியாது. செருப்பைக் கழற்றிவிட்டு, வெறுங்காலால் அழுத்தி அழுத்தி, முக்கால் மணி நேரம் தேடினேன். பாதத்துக்கடியில் ஏதோ உருண்டபோது வந்த நிம்மதி இருக்கிறதே! இறகு ஒன்று மட்டும் பிய்ந்திருந்தது. அன்றிலிருந்து ஒவ்வொரு அம்புக்கு முன்னும் சக்கரத்தை விரலால் தொட்டுப் பார்க்கிறேன்.

அம்பின் கனத்தையோ வில்லின் இழுவிசையையோ மாற்றினால் தாள் குறியீடும் மாறும் என்பதையும் மறக்கக் கூடாது. ஐந்து பின்னிலும் மாற்ற வேண்டியதுதான், ஆனால் ஸ்லைடரில் பழைய தாளைப் பிய்த்துவிட்டுப் புதியது ஒட்ட வேண்டும்.

இரண்டுக்கும் நடுவே மூன்று பின் வைத்த ஸ்லைடரும் கிடைக்கிறது. 20, 30, 40 நிலையாக இருக்கும், அதற்கு மேல் போக வேண்டுமானால் கடைசிப் பின்னைச் சக்கரத்தால் நகர்த்தலாம். நல்ல ஏற்பாடுதான், விலைதான் அதிகம். முதல் சைட்டாக இதை வாங்கச் சொல்ல மாட்டேன். சைட்டே இல்லாமல் எய்யும் கலை வேறு, அதற்குக் காம்பவுண்ட் வில் தேவையில்லை.

வேகத்துக்குப் பணம் கொடுப்பதா?

லேசான அம்பு விஷயத்துக்கு வருவோம். 450 கிரெய்ன் அம்பு 80 மீட்டர் வேகத்தில் போகும் வில்லில் 350 கிரெய்ன் அம்பைப் போட்டால் ஏறக்குறைய 90 மீட்டர் வேகம் கிடைக்கும். வீழ்ச்சி குறைவதும் உண்மை. 20-க்கும் 60-க்கும் உரிய பின்களுக்கு இடையே உள்ள மொத்த இடைவெளி 23 மி.மீ.-இலிருந்து 18 மி.மீ.-க்குக் குறையும். ஆனால் நமக்கு வேண்டியது என்ன? வீழ்ச்சி தெரிந்த விஷயம். 1.22 மீட்டர் விழும் என்று தெரிந்தால் அதற்கேற்பப் பின்னை வைத்துவிடலாம். ஆளைக் கெடுப்பது தூரத்தைத் தப்பாக மதிப்பிடுவதுதான்.

40 மீட்டருக்குப் பின்னை வைத்துவிட்டீர்கள், இலக்கு உண்மையில் 42 மீட்டரில் இருக்கிறது. 80 மீட்டர் வேகத்தில் அம்பு 6.4 செ.மீ. கீழே போகும். 90 மீட்டர் வேகத்தில் 5.1 செ.மீ. அவ்வளவுதான் லாபம், ஒன்றேகால் சென்டிமீட்டர். அதே ஆள் நான்கு மீட்டர் தப்பாக மதிப்பிட்டால் 80-இல் 13.5 செ.மீ. கீழே போகும். ரேஞ்ச்ஃபைண்டர் கையில் இருந்தால் இந்த இரண்டு பிழையுமே இல்லை. எந்தச் செலவு பிரயோசனம் என்று நீங்களே பாருங்கள்.

கனமான அம்புக்கு வேறு நன்மைகளும் உண்டு. வில்லின் சத்தம் குறையும், அதிர்வு குறையும், வேகத்தைக் கடைசிவரை நன்றாகக் காப்பாற்றும். மிகவும் லேசான அம்பு வில்லுக்கே ஆபத்து. அம்பே இல்லாமல் நாணை விட்டதுபோல அந்தச் சக்தியில் பெரும் பங்கு வில்லின் கைகளிலும், கேம்கள் எனும் முனைச் சக்கரங்களிலும் இறங்கும். ஒரு பவுண்ட் இழுவிசைக்கு 5 கிரெய்னுக்குக் கீழே போகாதே என்பது பொதுவாகச் சொல்லப்படும் எல்லை. 60 பவுண்ட் வில்லுக்கு அது 300 கிரெய்ன். அந்த ஓரத்தில் போய் நிற்க வேண்டிய தேவை நமக்கு இல்லை.

ஒரு விதிவிலக்கு. தூரம் குறிக்காத களப் போட்டிகளில் 10 முதல் 55 மீட்டர்வரை இலக்குகள் எங்கெங்கோ இருக்கும், ரேஞ்ச்ஃபைண்டருக்கு அனுமதி கிடையாது. அங்கே அந்த ஒன்றேகால் சென்டிமீட்டருக்கும் மதிப்பு வந்துவிடும். அப்படிப்பட்ட போட்டிக்குப் போகிறவர் கொஞ்சம் வேகத்தைத் தேடுவதில் தப்பில்லை.

பள்ளத்தில் எய்யும்போது

டர்பனிலிருந்து உள்நாட்டுப் பக்கம் போனால் ஆயிரம் குன்றுகள் பள்ளத்தாக்கு. பெயருக்கேற்ற நிலம், சமதளமாக நாலடி கிடைப்பது அரிது. முதன்முறை ஒரு சரிவின் மேலே நின்று கீழே இருந்த இலக்குக்கு எய்தேன். ரேஞ்ச்ஃபைண்டர் 40 என்றது. பழைய கருவி, நேர்த்தூரம் மட்டும் காட்டும். 40-இல் வைத்து எய்தேன். அம்பு மேலே போனது. அடுத்ததும் மேலே. கீழ்நோக்கி எய்கிறோமே, புவியீர்ப்பும் சேர்ந்து இழுக்கும், தாழத்தானே போக வேண்டும் என்று எனக்குக் குழப்பம். எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்பார்கள். நான் அன்று அம்பு, நாண், நாணை விடுவிக்கும் ரிலீஸ் கருவி என்று எல்லாவற்றையும் நொந்துகொண்டேன்.

விஷயம் இதுதான். புவியீர்ப்பு எப்போதும் நேர் கீழாகவே இழுக்கும். சமதளத்தில் அந்த இழுப்பு முழுதும் அம்பின் பாதைக்குக் குறுக்காக விழுகிறது. சரிவில் எய்யும்போது இழுப்பின் ஒரு பங்கு அம்பு போகும் திசையிலேயே போய்விடுகிறது, குறுக்காக இழுப்பது குறைகிறது. அதனால் மேல்நோக்கி எய்தாலும் கீழ்நோக்கி எய்தாலும் அம்பு குறிக்கு மேலேதான் போகும். 30 பாகைச் சரிவில் 40 மீட்டர் என்றால் 34.6 மீட்டருக்கு எய்வதுபோல எய்ய வேண்டும். நான் 40-இல் வைத்ததால் 16 செ.மீ. மேலே போனது. 20 பாகைச் சரிவானால் 37.6 மீட்டர், பிழை 7 செ.மீ. 10 பாகையில் 2 செ.மீ.தான், அதை மறந்துவிடலாம்.

ஆகவே மலைப் பக்கம் எய்ய நினைப்பவர் ரேஞ்ச்ஃபைண்டர் வாங்கும்போது சரிவைக் கணக்கிட்டுச் சொல்லும் வகையை வாங்குவது மேல். அது இல்லையென்றால் 20 பாகைக்கு நூற்றுக்கு 94, 30 பாகைக்கு 87, 45 பாகைக்கு 71 என்று மூன்றே எண்ணை வில்லின் உட்புறம் எழுதி ஒட்டிக்கொண்டால் போதும். இதில் ஸ்லைடர் முந்துகிறது. 34.6 என்று தெரிந்தால் அப்படியே திருகிவிடலாம். ஐந்து பின்னில் 30-க்கும் 40-க்கும் நடுவே மதிப்பாக வைக்க வேண்டும்.

கணக்கு சரியாக இருந்தும் சரிவில் தப்புவது உண்டு. கையை மட்டும் தாழ்த்தினால் பீப் கண்ணுக்கு முன்னால் நகர்ந்துவிடும். சமதளத்தில் நிற்பதுபோல முழுக்க இழுத்து, பிறகு இடுப்பிலிருந்து குனிய வேண்டும்.

ரசமட்டம் சரியாக இருக்கிறதா?

எந்த சைட் வாங்கினாலும் இதை மட்டும் விட்டுவிடாதீர்கள். சைட் வட்டத்தின் அடியில் சின்ன ரசமட்டம் ஒன்று இருக்கும். பலர் அதைப் பார்ப்பதே இல்லை. வில் 5 பாகை பக்கவாட்டில் சாய்ந்தால் 20 மீட்டரில் அம்பு 3 செ.மீ.க்குள் விலகும், கவனத்தில் வராது. 50 மீட்டரில் 17 செ.மீ. விலகும். 10-இல் விழ வேண்டிய அம்பு 6-இல் விழும். வீழ்ச்சிக்காக மேலே கொடுத்த ஏற்றம் பக்கவாட்டில் திரும்பிவிடுகிறது, அதனால்தான் தூரம் கூடக் கூட விலகலும் பெருகுகிறது. பின்னின் எண்ணிக்கையைவிட இதுதான் அதிகப் புள்ளியைத் தின்கிறது.

மலிவான சைட்டுகளில் ரசமட்டத்தைத் திருத்தத் திருகாணியே இருக்காது. சமதளத்தில் குமிழி நடுவில் நிற்கும், வில்லைக் குனிய வைத்தால் ஓரத்துக்கு ஓடும். அதை நம்பிச் சரிவில் எய்தால் வில்லைச் சாய்த்தே பிடிப்போம். ஆகவே ஐந்து பின்னோ ஒற்றைப் பின்னோ, ரசமட்டத்தைத் திருத்தக்கூடியதாகப் பார்த்து வாங்குங்கள். அதற்காகக் கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் நஷ்டமில்லை.

ஜோஹன்னஸ்பர்க் போகிறவர்களுக்கு ஒரு வரி. அங்கே 1,750 மீட்டர் உயரம், புவியீர்ப்பு மாறுமா என்று கேட்கிறார்கள். மாறும், ஆனால் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. காற்று மெலிந்திருப்பதால் 50 மீட்டரில் அம்பு ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு மேலே போகலாம். டர்பனில் போட்ட குறியோடே போய் இறங்கி, அங்கே நாலு அம்பு எய்து பார்த்தால் போதும்.

தம்பி என்ன செய்தான்?

இவ்வளவையும் சொன்ன பிறகு, "நீ எங்கே எய்யப் போகிறாய்?" என்று கேட்டேன். இதை முதலிலேயே கேட்டிருக்க வேண்டும். டோங்காட் பக்கம் மாமா தோட்டத்தில் என்றான். கரும்புக்கும் கொட்டகைக்கும் நடுவே ஒரு துண்டு நிலம், பின்னால் மண்மேடு, நீட்டி அளந்தாலும் 35 மீட்டர். வருடத்துக்கு இரண்டு முறை நண்பர்களோடு காட்டுப் பாதையில் எய்யப் போவான். அப்படியானால் உனக்கு ஸ்லைடர் இப்போது வேண்டாம் என்றேன். ஐந்து பின் வாங்கினான். கீழே இருந்த இரண்டு பின்னைக் கழற்றிப் பெட்டியில் போட்டுவிட்டு 20, 30, 40 மட்டும் வைத்துக்கொண்டான். பார்வை தெளிவாகிவிட்டது. அம்பு 450 கிரெய்ன். 50 மீட்டர் களத்துக்குப் போகிற நாள் வரட்டும், அன்றைக்கு ஸ்லைடரைப் பற்றிப் பேசலாம்.

சைட்டை மாட்டிய அன்று அவன் வீட்டுக்குப் போனேன். அவனுடைய தாத்தா கொத்தனாராக இருந்தவர். நாங்கள் ரசமட்டத்தைப் பார்த்துக் குழம்புவதைக் கண்டு உள்ளே போய்ப் பித்தளைத் தூக்குக்குண்டு ஒன்றைக் கொண்டுவந்து வராந்தா உத்தரத்தில் கட்டினார். குண்டு ஆடி நிற்கும்வரை யாரும் பேசவில்லை. வில்லைப் பிடிக்கருவியில் மாட்டி, பின்னாலிருந்து பார்த்தால் நாணும் கயிறும் ஒரே கோட்டில் வரும்படி நிறுத்தினோம். குமிழி நடுவில் நின்றது. அதே கோட்டிலிருந்து விலகாமல் வில்லைக் கீழ்நோக்கிச் சாய்த்ததும் குமிழி பாதிக்கு மேல் இடதுபக்கம் ஓடியது. தாத்தா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு சைட் ஓரத்தில் இருந்த சின்னத் திருகாணியைக் காட்டினார். கால் திருகு, பிறகு இன்னும் கொஞ்சம். வில்லை நிமிர்த்தினாலும் குனிய வைத்தாலும் குமிழி அசையாமல் நின்றது. அதன் பிறகுதான் 20 மீட்டர் பின்னை அமைக்கத் தோட்டத்துக்குக் கிளம்பினோம்.